கேட்பவரும் செலுத்துபவரும்: பட்டாசு மண்ணில் வேண்டுதல்

1. கேள்வி

ஐப்பசியில் தீபாவளி, ஐப்பசியில்தான் அடைமழையும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் தொடங்கி மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. விருதுநகர் மாவட்டத்துக் கரிசலில் மானாவாரியாகச் சோளமும் பருத்தியும் உளுந்தும் போடுகிற சம்சாரிக்கு அந்த மழைதான் அந்த வருடம். அதே ஊரிலிருந்து விடிகாலையில் வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போகிறவருக்கு மழை என்றால் கூலியில்லாத நாள். அடைத்த மருந்து காயாது, உலர்த்திய திரி காயாது. செய்து முடித்த எண்ணிக்கைக்குத்தான் பெரும்பாலும் கூலி என்பதால், வானம் மூடினால் அன்றைய வரும்படி போயிற்று. கடைக்காரரின் கவலை இன்னும் குறுகியது: தீபாவளிக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் வெறித்திருந்தால் போதும். மாமனார் காட்டிலும் மருமகள் ஆலையிலும் வேலை பார்க்கும் வீடுகள் இங்கே அபூர்வமல்ல. இருவரும் கும்பிடுவது ஒரே மாரியம்மனை.

இன்ன நாளில், இன்னாருக்கு, இன்னது நடக்க வேண்டும் என்று குறித்துக் கேட்கும் வேண்டுதலைப் பற்றியது இக்கட்டுரை. பொதுவான வழிபாடு, தியானம், துதி ஆகியவை இதன் எல்லைக்கு வெளியே. இவ்வகை வேண்டுதலைப் பற்றிய விவாதங்களில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. கேட்டால் நடக்கிறதா என்பது ஒன்று. கேட்பதற்குப் பொருள் உண்டா என்பது மற்றொன்று. பகுத்தறிவாளர் முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் கண்டதும் இரண்டாவதும் முடிந்துவிட்டதாக எண்ணுகிறார். பக்தர் இரண்டாவதற்கு உண்டு என்று தன் வாழ்க்கையிலிருந்து அறிந்திருப்பதால், முதலாவதற்கும் அதையே சாட்சியாக வைக்கிறார். இரண்டையும் பிரித்து வைத்தால்தான் இந்த மண்ணில் நடப்பது விளங்கும் என்பது என் கட்சி. அப்படிப் பிரித்த பிறகு, கேட்பவர் யார், அதற்காகச் செலுத்துபவர் யார் என்ற மூன்றாவது கேள்வி எழுகிறது. அதுவே முக்கியமானது என்று காட்ட முயல்கிறேன்.

2. பழந்தமிழ்ச் சான்றுகள்

ஒன்றுக்கொன்று முரணான வேண்டுதல்கள் என்ற சிக்கல் நவீன ஐயவாதிகள் கண்டுபிடித்ததல்ல. புறநானூற்றின் 143ஆம் பாட்டு, பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தபோது கபிலர் பாடியது. பாட்டின் நோக்கம் அவள் துயரம். ஆனால் தொடக்கத்தில், நாட்டு வருணனையாக, குறவர்களின் செயலொன்றைக் கபிலர் சொல்லிச் செல்கிறார். மழை வேண்டிப் பலி தூவுகிறார்கள். மழை கொட்டுகிறது, அளவு மீறுகிறது. மேகம் மேலே போகட்டும் என்று தெய்வத்தை மறுபடி பேணுகிறார்கள். மழை விடுகிறது. மகிழ்ந்து புனத்துத் தினையை உண்கிறார்கள். இதில் கேலி எதுவும் தொனிக்கவில்லை. கேட்டவர்கள் மாற்றிக் கேட்டார்கள் என்பதில் கபிலருக்கு நெருடல் இல்லை. அவர்கள் கேட்டது மழையின் அளவை என்று அவர் எடுத்துக்கொண்டதுபோல் இருக்கிறது.

பரிபாடல் இன்னும் நேரடியான சான்று. நல்லந்துவனார் பாடிய எட்டாம் பாடலில், மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் கூட்டம் முருகனிடம் எதையெதையோ கேட்கிறது: வயிறு வாய்க்க வேண்டும், தேடப்போன பொருள் கைகூட வேண்டும், போரில் வெல்ல வேண்டும். அதே தொகுப்பின் ஐந்தாம் பாடலில் கடுவன் இளவெயினனார் அதே முருகனிடம் பொருளும் பொன்னும் போகமும் வேண்டாமென்று விலக்கிவிட்டு, அருளும் அன்பும் அறனும் மட்டும் இரக்கிறார். பிற்காலச் சமயச் சிந்தனை பெரும்பாலும் ஐந்தாம் பாடலின் பக்கம் சாய்ந்தது. கீதையின் ஏழாம் அத்தியாயமும் துன்பம் தீர வருபவன், பொருள் வேண்டி வருபவன், அறிய விரும்பி வருபவன், ஞானி என நால்வரைச் சொல்லி ஞானியை உச்சியில் வைக்கிறது. குறிப்பிட்ட பலனைக் கேட்பது கீழ்ப்படி, கேளாதிருப்பது மேற்படி என்ற வரிசை இன்றும் நம் மேடைச் சொற்பொழிவுகளில் மாறாமல் இருக்கிறது.

இந்த வரிசையை நான் ஏற்கவில்லை. அருளையும் அறத்தையும் கேட்கும் வேண்டுதல் ஒருநாளும் தோற்காது. கிடைத்ததா இல்லையா என்று சோதிக்க அதில் இடமே இல்லை. பரங்குன்றத்தில் பிள்ளை வரம் கேட்ட பெண் பத்து மாதத்திலோ பத்து வருடத்திலோ பதில் தெரிந்துகொள்வாள். தோற்கக்கூடிய ஒன்றைச் சொல்லிக் கேட்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. அந்த நேர்மையை உயர்ந்தோர் மரபு தாழ்வாகக் கருதியது நமக்கு ஓர் இழப்பு.

வள்ளுவர் இதில் எப்போதும்போல் எந்த அணியிலும் அகப்படுவதில்லை. ஊழ் அதிகாரத்தின் கடைசிக் குறள், எதைச் செய்து விலக்கினாலும் ஊழ் முந்திக்கொள்ளும் என்கிறது. ஆள்வினையுடைமையில் 619ஆம் குறள், தெய்வத்தால் முடியாவிட்டாலும் முயற்சிக்குக் கூலி உண்டு என்கிறது. இவ்விரண்டிலும் வேண்டுதலுக்குத் தனி இருக்கை இல்லை. வான்சிறப்பின் எட்டாம் குறளுக்குப் பின்னர் வருகிறேன்.

3. அளந்து பார்த்தவர்கள்

கேட்டால் நடக்கிறதா என்ற முதல் கேள்வியை எண்ணிக்கையால் அணுகியவர்களில் முன்னோடி பிரான்சிஸ் கால்டன். 1872இல் லண்டனின் ‘பார்ட்நைட்லி ரிவியூ’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, இங்கிலாந்தின் தேவாலயங்களில் வாராவாரம் மன்னர் குடும்பத்தின் நீண்ட ஆயுளுக்காக நாடே வேண்டுவதை எடுத்துக்கொண்டது. அப்படியானால் அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வாழ்ந்திருக்க வேண்டும். வசதியான வகுப்பாரின் ஆயுளை அவர் ஒப்பிட்டபோது, அரச குடும்பத்தினரின் சராசரிதான் கடைசியில் நின்றது: 64 வயதும் சொச்சமும். அதே கட்டுரையில் அவர் போகிற போக்கில் சொன்ன மற்றொன்று எனக்கு இதைவிடக் கூர்மையாகப் படுகிறது. கப்பலுக்கோ கட்டடத்துக்கோ காப்பீடு தரும் கம்பெனிகள் ஆபத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஒவ்வொன்றையும் துருவி விசாரிக்கின்றன. அங்கே வேண்டுதல் நடக்கிறதா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. லாபத்துக்காகக் கணக்குப் போடுகிறவன் ஒரு காரணியை விட்டுவைத்திருக்கிறான் என்றால், அது காரணியாக இல்லை என்றுதான் பொருள்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த விசாரணை மருத்துவமனைக்குப் போயிற்று. 1988இல் ராண்டால்ப் பைர்டு, சான்பிரான்சிஸ்கோவின் இதயப் பிரிவில் 393 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்காகப் பிறரை வேண்டச் செய்தார். சில சிக்கல்கள் அப்பகுதியினருக்குக் குறைவாக வந்தன என்றார். பல அளவுகளை ஒருசேர எடுத்தால் ஒன்றிரண்டு தற்செயலாகச் சாதகமாக விழும் என்ற மறுப்பு உடனே எழுந்தது. 2001இல் லியோனார்டு லைபோவிசி என்ற இஸ்ரேலிய மருத்துவர் இம்முறையையே நையாண்டி செய்வதுபோல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நான்கு முதல் பத்து ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவமனையைவிட்டுப் போய்விட்ட 3,393 நோயாளிகளின் பழைய ஏடுகளைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்காக இப்போது வேண்டச் சொன்னார். வேண்டப்பட்டவர்கள் முன்பே சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள்! புள்ளியியல் எதை வேண்டுமானாலும் சொல்ல வைக்கப்படலாம் என்பதற்கு இதைவிட அழகான எச்சரிக்கை இல்லை.

இவற்றில் மிகக் கவனமாக வடிவமைக்கப்பட்டது ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் 2006இல் வெளியிட்டது. இதய அறுவைக்கு வந்த 1,802 பேர், ஆறு மருத்துவமனைகள், மூன்று பிரிவுகள். தமக்காக வேண்டப்படலாம், படாமலும் போகலாம் என்று மட்டும் சொல்லப்பட்டவர்களில், உண்மையில் வேண்டப்பட்டவர்களுக்குச் சிக்கல் வந்தது 52 விழுக்காடு, வேண்டப்படாதவர்களுக்கு 51. வேண்டுதல் நடக்கிறது என்று உறுதியாகத் தெரிவிக்கப்பட்ட மூன்றாம் பிரிவினருக்கு 59. தன் நிலைமை அவ்வளவு மோசமா என்ற பயம் அவர்களைப் பிடித்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். தற்செயல் என்பது மற்றொன்று. 2009இல் காக்ரேன் குழு பத்து ஆய்வுகளை, 7,646 நோயாளிகளை ஒருசேர வைத்துப் பார்த்துவிட்டு, தெளிவான பலன் இல்லை, இனி இதில் பணம் செலவழிப்பதும் தேவையற்றது என்று முடித்துக்கொண்டது.

ஆகவே முதல் கேள்விக்கு விடை கிட்டத்தட்டத் தெரிந்ததுதான். ஆனால் இவ்வாய்வுகள் எதை அளந்தன என்பதைப் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர், முன்பின் தெரியாத நோயாளியின் பெயரைத் தாளில் பார்த்து, சொல்லிக்கொடுத்த வாசகத்தைச் சேர்த்து வேண்டினார். அவர் கொடுத்தது எதுவுமில்லை. நடக்காவிட்டால் இழப்பது எதுவுமில்லை. சாத்தூர் பக்கத்து மக்கள் இதை வேண்டுதல் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

4. இருக்கன்குடியில் கடன்

சாத்தூருக்குக் கிழக்கே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில். ஆடிக் கடைசி வெள்ளிக்குத் தென் மாவட்டங்கள் முழுவதிலிருந்தும் நடந்தே வருகிறார்கள். அம்மைக்கும் கண்நோய்க்கும் பேர்போன சந்நிதி. நோய் கண்டவர்கள் கோயிலிலேயே தங்கி ‘வயனம்’ காப்பது பழைய வழக்கம். அக்கினிச்சட்டி, ஆயிரங்கண் பானை, மாவிளக்கு, கயிறு குத்து, முடி இறக்குதல், உருண்டு வலம் வருதல், கிடாய் வெட்டு என்று செலுத்தும் வகைகள் நீள்கின்றன. கண், கை, கால் என்று தகட்டில் அடித்த உருவங்களை வாங்கிச் செலுத்துவதும் உண்டு.

இங்கே வேண்டுதலுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. முதலில் நேர்ந்துகொள்வது: பிள்ளைக்குக் கண் தெளிந்தால் கண்மலர் சாத்துகிறேன், மகனுக்கு வேலை கிடைத்தால் சட்டி எடுக்கிறேன். அப்போதே மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமிப் படத்தருகே வைத்துவிடுவார்கள். கேட்டது நடந்தால் கடன் விழுந்துவிட்டது. கோயில் கடனை வைத்திருக்கக் கூடாது என்பது ஊர் அறிந்த விதி. நடக்காவிட்டால், கண்டிப்பாகச் சொன்னால், கடனே இல்லை. இரு தரப்பும் கட்டுப்படும் ஒப்பந்தத்தின் தெளிவு இதில் உள்ளது. ‘உன் சித்தம்’ என்று முடிக்கும் மேற்படி வேண்டுதலில் இந்தத் தெளிவு கிடையாது.

இந்தத் தெளிவே ஒரு கண்கட்டையும் உண்டாக்குகிறது. கிரேக்கத்து டயகோரசுக்குக் கோயிலொன்றில், கடலில் தப்பியவர்கள் நேர்ந்து மாட்டிய படங்களைக் காட்டினார்களாம். மூழ்கிப்போனவர்களின் படங்கள் எங்கே என்று அவர் கேட்டதாக சிசரோ எழுதியிருக்கிறார். இருக்கன்குடியிலும் பார்வை திரும்பியவர் கண்மலர் சாத்துகிறார், திரும்பாதவர் சாத்துவதில்லை. அதனால் சந்நிதியில் சேர்வதெல்லாம் வெற்றியின் தகடுகள். ‘அம்மா கைவிட்டதில்லை’ என்ற ஊர் வழக்கு பொய்யல்ல, பாதிக் கணக்கு. கேட்டும் கிடைக்காதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை நம் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் குறை. சிலர் முடிந்துவைத்த காசை எப்படியும் உண்டியலில் சேர்க்கிறார்கள். சிலர் தம் நேர்ச்சையில் குற்றம் தேடுகிறார்கள். சிலர் அம்மனையே திட்டுகிறார்கள். கண் தருகிறவளைப் பார்த்து உனக்குக் கண்ணில்லையா என்கிறார்கள். திட்டுவதும் ஒப்பந்தத்தின் பகுதிதான். வாக்குக் கொடுத்தவரைத்தான் திட்ட முடியும்.

அம்மையின் வரலாறு இதற்கு ஒரு சோதனைக் களம். இந்தியாவின் கடைசிப் பெரியம்மை 1975 மே மாதத்தில் பதிவானது. 1977இல் நாடு விடுபட்டதாகச் சான்று பெற்றது. 1980 மே 8ஆம் தேதி உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அதைச் செய்தது தடுப்பூசியும், வீடு வீடாகத் தேடி நோயைச் சுற்றி வளைத்த ஊழியர்களின் உழைப்பும். எந்தப் பலனுக்காக மாரியை முதன்மையாக வேண்டினார்களோ அதை வேறு யாரோ செய்து முடித்துவிட்டார்கள். பலன் மட்டுமே வேண்டுதலின் பொருளாக இருந்திருந்தால் கோயில் ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. சின்னம்மைக்கும், கண்ணுக்கும், கர்ப்பத்துக்கும், வேலைக்கும், இப்போது விசாவுக்கும் நேர்ந்துகொள்கிறார்கள். 1931இல் சுயமரியாதை மாநாடு நடந்த விருதுநகரில் பங்குனிப் பொங்கலின் அக்கினிச்சட்டி ஊர்வலம் இன்றும் நகரத்தின் பெரிய நாள். இதைப் பகுத்தறிவின் தோல்வி என்று புலம்புவதும் பக்தியின் வெற்றி என்று கொண்டாடுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

நேர்ச்சை என்ன செய்கிறது? எனக்கு எது முக்கியம் என்பதைப் பெயர் சொல்லி வெளிப்படையாக அறிவிக்கச் செய்கிறது. அதற்கு நான் என்ன விலை கொடுப்பேன் என்பதையும் முன்கூட்டியே சொல்லச் செய்கிறது. அந்த விலையைச் சொன்னவரே கட்டுகிறார். பெரும்பாலும் தன் உடம்பால். சட்டி ஏந்தும் கை வேண்டியவளின் கை. இதற்குக் காரண காரியப் பலன் இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகும் இதற்குப் பொருள் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

5. ஆலை வாசலில்

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து சிவகாசியின் கதை தொடங்குகிறது. மழை குறைந்த, வறண்ட வானமே இத்தொழிலுக்கு முதல் மூலதனம். இன்று நாட்டின் பட்டாசில் மிகப் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஆகிறது. பூசைகளுக்கும் இங்கே குறைவில்லை. ஆடிப்பெருக்கன்று பட்டாசுக் கடைகளில் பூசை போட்டு அந்த ஆண்டின் விற்பனையைத் தொடங்குகிறார்கள். அச்சகங்களோ அதே நாளில் அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுகின்றன. எத்தனையோ வீடுகளுக்கு ராகுகாலமும் எமகண்டமும் குறித்துக் கொடுக்கும் ஊர் இது என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஆபத்துள்ள தொழிலைச் சடங்கு சூழ்ந்திருப்பதற்கு மானிடவியலில் ஒரு செல்வாக்குள்ள விளக்கம் உண்டு. டிரோபிரியாந்துத் தீவு மீனவர்களைப் பற்றி மாலினோவ்ஸ்கி 1925இல் எழுதியது. உள்கழியில் மீன்பிடிப்பது ஆபத்தில்லாதது, பலன் நிச்சயமானது. அங்கே மந்திரம் இல்லை. திறந்த கடலில் உயிர் நிச்சயமில்லை. அங்கே மந்திரம் நிறைந்திருக்கிறது. அறிவின் கை எட்டாத இடத்தில் சடங்கு நுழைகிறது. சிவகாசிக்கு இதைப் பொருத்திப் பார்க்க ஆசை வருவது இயல்பு. நான் பொருத்தத் தயங்குகிறேன். பட்டாசு ஆலை திறந்த கடல் அல்ல. அது ஏன் வெடிக்கிறது என்பது தெரியாத மர்மமல்ல.

காரணங்கள் தொழிலாளர்களுக்கே மனப்பாடம். நேற்றுக் கலந்து மீந்த மருந்தை இன்று எடுப்பது. அலுமினியத் தூள் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டுச் சூடேறுவது. உராய்வு. வெயில் ஏறிய பிறகும் மருந்து கலப்பது. நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர். மரத்தடியில், திறந்த வெளியில் அடைப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக உள்குத்தகை: உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் வேறு பலருக்கு வாடகைக்குப் போய், அவரவர் அவசரத்துக்கு உற்பத்தி நடக்கும். எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம் என்பதை வைத்து டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று இங்கே ஆலைகளைத் தரம் பிரித்துச் சொல்வார்கள். எந்த லைசென்சாக இருந்தாலும் விதிகள் தாளில் தெளிவாகவே உள்ளன.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். வேடிக்கை பார்க்கவும் உதவவும் ஓடிவந்த ஊரார் பலர் அதில் உண்டு. விதிமீறலுக்காக உரிமம் நிறுத்தப்பட்ட நிலையிலும் ஆலை இயங்கியதாக அன்றைய செய்திகள் கூறின. 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்து விசாரித்தது; உள்குத்தகை அப்போதும் பேச்சின் மையத்துக்கு வந்தது. முதலாவது ஆலையின் பெயர் ஓம் சக்தி, இரண்டாவது மாரியம்மாள். இதைச் சொல்லிக் கைகொட்டிச் சிரிப்பது எளிது. நாத்திகத் துண்டறிக்கைக்கு ஒரு வரி கிடைக்கும். நான் அதற்காகச் சொல்லவில்லை. இந்த வட்டாரத்தில் ஆலைக்குச் சாமி பெயர் வைப்பது வழக்கம். அதனால் வெடிக்கிற ஆலைக்கும் வெடிக்காத ஆலைக்கும் சாமி பெயர்தான். கால்டனின் காப்பீட்டுக் கணக்கர் இதைப் பார்த்தவுடன் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

என் கவனம் வேறிடத்தில் நிற்கிறது. இருக்கன்குடியில் நேர்ந்துகொள்ளும் பெண் தன் கணவன் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும் என்று கேட்கிறாள். சட்டி அவள் கையில். ஆலை வாசலில் நடக்கும் பாதுகாப்புப் பூசையில் கேட்பவர் உரிமையாளர் அல்லது குத்தகைக்காரர். மருந்தறையில் உட்காருபவர் வேறொருவர். கேட்டது நடந்தால் லாபம் கேட்டவருக்கு. நடக்காவிட்டால் செலுத்துவது அறைக்குள் இருந்தவர், அதுவும் கடனாக அல்ல, உயிராக. நேர்ச்சையின் இலக்கணம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. பூசை போட்டவர் அம்மனுக்கு வைத்த வாக்கு என்ன? இவ்வருடம் எந்த அறையிலும் நான்கு பேருக்கு மேல் உட்கார வைக்க மாட்டேன், மீந்த மருந்தை அன்றே அழிப்பேன், அறைகளைக் குத்தகைக்கு விட மாட்டேன் என்று யாராவது நேர்ந்துகொண்டதுண்டா? நேர்ந்திருந்தால் அது தோற்கக்கூடிய, ஊர் பார்த்துக் கேட்கக்கூடிய வேண்டுதலாக இருந்திருக்கும். ஆலைப் பூசையில் கேட்கப்படும் பாதுகாப்போ பரிபாடலின் அருளைப்போல் பொதுவானது. எதையும் குறிக்காததால் எவரையும் கட்டுவதில்லை.

விபத்துக்குப் பிறகு புழங்கும் சொற்களும் இதற்கு ஒத்தாசை செய்கின்றன. ‘நேரம் சரியில்லை’, ‘விதி’. இறந்தவர் வீட்டில் இவை ஆறுதல். அங்கே எனக்கு இவற்றோடு சண்டையில்லை. அதே சொற்கள் குத்தகைக்காரர் வாயிலிருந்து வரும்போது அவை வாக்குமூலத்தைத் தட்டிக்கழிக்கும் வழி. மாலினோவ்ஸ்கியின் விளக்கத்தை இங்கே தாராளமாகப் பயன்படுத்தும் ஆய்வாளர், அறிந்தே உண்டாக்கிய ஆபத்தைக் கடலின் குணமாக மாற்றிக் கொடுக்கிறார்.

6. அரசு கேட்டபோது

வேண்டுபவரும் செலுத்துபவரும் பிரிந்துபோவதற்கு இன்னொரு சான்று 2019. முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. ஏப்ரல் இறுதியில் இந்து சமய அறநிலையத்துறை ஆணையர் முக்கியக் கோயில்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, மழைக்காக என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்தியது: பர்ஜன்ய சாந்தி, வருண ஜபம், நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டிக் கழுத்துவரை நீர் நிரப்புதல், சம்பந்தரின் மழைப் பதிகத்தை மேகராகக்குறிஞ்சிப் பண்ணில் ஓதுதல், நாகசுரத்திலும் வயலினிலும் அமிர்தவர்ஷினி வாசித்தல். ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூன் 20ஆம் தேதி சென்னையில் மழை பெய்தது. 22ஆம் தேதி அன்றைய ஆளுங்கட்சியினர் மாநிலமெங்கும் யாகம் நடத்தினார்கள். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை ஏறக்குறைய இயல்பளவில் பெய்தது.

பலித்ததா? இந்தக் கால வரிசையை வைத்து எவரும் எதையும் நிறுவ முடியாது. மானிடவியலாளர் பிரேசர் விவரித்த மழையரசனைப் பற்றி மெய்யியலாளர் விட்கென்ஸ்டைன் எழுதிய குறிப்பொன்று இங்கே பொருந்தும். மக்கள் மழைக்காலம் நெருங்கும்போதுதான் அவனிடம் மழை கேட்கிறார்கள். அவனால் மழையைச் செய்ய முடியும் என்று உண்மையிலேயே நம்பினால் கடும் கோடையில் அல்லவா கேட்டிருப்பார்கள்? ஆகவே அது இயற்கையைப் பற்றிய தவறான கோட்பாடு அல்ல, பருவத்தை எதிர்கொள்ளும் சடங்கு என்பது அவர் வாதம். ஆடியில் கூழ் ஊற்றும் கிராமத்துக்கு இந்த வாதம் செல்லும். அரசுக்குச் செல்லாது. ஏரியைத் தூர்வாரவும் குழாயில் நீர் விடவும் பொறுப்பேற்ற அமைப்பு மழை கேட்கும்போது, அதற்குக் கடன் எதுவும் விழுவதில்லை. மழை பெய்தால் பெருமை; பெய்யாவிட்டால் வருணன் மேல் பழி. முன்பு ஒத்திவைத்த வான்சிறப்புக் குறள் இங்கேதான் உறைக்கிறது. வானம் வறண்டால் வானோர்க்குச் செய்யும் விழாவும் பூசையும்கூட நடவாது என்கிறார் வள்ளுவர். பூசையால் மழை வரும் என்று அவர் சொல்லவில்லை. மழை இருந்தால்தான் பூசை என்று காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றிவைத்துவிட்டுப் போகிறார்.

7. ஒரு மறுப்பும் ஒரு கடினமான வழக்கும்

இக்கட்டுரைக்கு வலுவான மறுப்பு இறையியல் பக்கத்திலிருந்து வரலாம். வேண்டுதலைக் கொடுக்கல் வாங்கலாகக் குறுக்குவது அதைக் கொச்சைப்படுத்துவது என்பது அந்த மறுப்பு. மெய்யியலாளர் டி. இசட். பிலிப்ஸ் 1965இல் எழுதிய நூலில், ஆழ்ந்த பக்தரின் வேண்டுதல் கடவுளை இயக்க முயல்வதல்ல, தன்னால் ஆகாதது உண்டென்று ஒப்புக்கொண்டு அதைத் தாங்கும் வலிமை தேடுவது என்றார். சிறந்த விளக்கம்தான். ஆனால் இருக்கன்குடி செல்லும் பெண்ணிடம், நீ உண்மையில் கேட்பது பார்வையை அல்ல, பார்வையின்மையைத் தாங்கும் மனத்தை என்று சொல்லிப் பாருங்கள். அவள் சிரிப்பாள், அல்லது கோபப்படுவாள். அவள் கேட்பது பார்வையைத்தான். அவள் சொல்வதை அவள் சொன்ன பொருளிலேயே எடுத்துக்கொண்டு, அது பலிக்காமல் போகலாம் என்பதையும் சேர்த்து ஏற்பதே அவளுக்குக் காட்டும் மரியாதை.

கடினமான வழக்கு விருதுநகரிலேயே இருக்கிறது. 1956 ஜூலை 27ஆம் தேதி சங்கரலிங்கனார் என்ற காந்தியவாதி 12 கோரிக்கைகளை வைத்து உண்ணாநோன்பு தொடங்கினார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கடைசிவரை கைவிடவில்லை, அக்டோபர் 13ஆம் தேதி இறந்தார். அவர் கேட்டது தெய்வத்திடம் அல்ல, ஆட்சியிடம். ஆனால் கேட்ட முறை நேர்ச்சையின் முறைதான்: குறிப்பான கோரிக்கை, பலர் அறிய, தன் உடம்பே பிணை. அன்றைய முதலமைச்சர் அதே ஊர்க்காரரான காமராசர். கேட்டது கிடைக்கவில்லை. 1967 ஜூலை 18ஆம் தேதி அண்ணா ஆட்சியில் பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14ஆம் தேதி பெயர் நடைமுறைக்கு வந்தது. நோன்பினால் வந்ததா, தேர்தலினால் வந்ததா, நோன்பு இல்லாவிட்டாலும் வந்திருக்குமா என்பதைக் குலுக்கல் ஆய்வு எதுவும் பிரித்துச் சொல்லாது. அவர் வைத்த மற்றக் கோரிக்கைகளில் முழு மதுவிலக்கும் ஒன்று. அது இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.